முதல் இருபது நிமிஷம்

ஆயுத பூஜை அன்னிக்குக் காலையில மெஷினுக்கெல்லாம் சந்தனம் வெச்சு, பூசணிக்காய் உடைச்சு, பொரி பங்கு போட்டு முடிச்சதும் கம்பெனி கேன்டீன்ல பட்டிமன்றம். வழக்கமா கணவனா மனைவியான்னு தலைப்பு வெச்சு உயிரை வாங்குவாங்க. 2006ல மட்டும் சினிமா. ஒரு வாரப் பத்திரிகை தன்னோட விருதுக்கு அஞ்சு படம் பட்டியல் போட்டிருந்தது. அதுல ரெண்டு படத்தை வெச்சு ஒசூர் கம்பெனி பஸ்ஸுக்குள்ள ஒரு மாசமா ஒரே ரகளை. 'ஏழாம் பாறை'யா, 'தபால்காரர் வீதி'யா? டைரக்டர் கடற்கரைசாமியா, சாரங்கனா?

பூபதி கடற்கரைசாமி கட்சி. கட்சின்னு சொன்னா பத்தாது, வெறி. பிரஸ் ஷாப்ல தகடு அழுத்துற மெஷின் அவனுக்கு. ஊரு அஞ்செட்டிப் பக்கம் நாட்றாம்பாளையம். படத்தை அவன் அலசுற அலசலுக்கு, நாலு வருஷமா பிரஸ் ஷாப்பே அவனை 'டைரக்டரே'ன்னுதான் கூப்பிடும். எவன் சம்பள உயர்வு கேட்டாலும் கேட்கட்டும், பூபதிக்கு அந்தப் பேரு போதும்.

எதிர்க்கட்சி ஜெசி, குவாலிட்டி செக்ஷன். தகட்டுல மயிரிழை கோடு இருந்தாலும் கண்டுபிடிச்சுத் திருப்பி அனுப்புற பொண்ணு. சாரங்கனுக்காகப் பத்து நிமிஷம் பொளந்து கட்டிட்டு உக்காந்தா. நடுவர் டைம் ஆபீஸ் ரத்தினவேல் மணியடிச்சாரு. பூபதி எழுந்தான். காது ரெண்டும் சூடாயிடுச்சு அவனுக்கு.

"ஏழாம் பாறை ஹீரோ கல்குவாரியில வேலை பாக்குறான். படம் பூரா ஒரு வார்த்தை பேசலை. ஏன் பேசலை? டைரக்டர் சொன்னாரா? சொல்லவே இல்ல! நீயே யோசிச்சுக்கடான்னு நம்மகிட்ட விட்டுட்டாரு. நான் யோசிச்சேங்க. குவாரியில வெடிச்சத்தம், மெஷின் சத்தம். என்ன கத்தினாலும் எவன் காதுலயும் விழாது. பேசிப் பேசிப் பாத்தான், விட்டுட்டான். நம்ம பிரஸ் ஷாப்ல எட்டு மணி நேரமும் கைஜாடைதானே? வீட்டுக்குப் போயும் பொண்டாட்டிகிட்ட கைஜாடை காட்டுறவங்க எத்தனை பேரு இங்க? அவனைப் பத்தி எடுத்த படம் இல்லப்பா அது, நம்மளப் பத்தி எடுத்தது!"

அம்மாடி, என்னா விசில்! கிரைண்டிங் மெஷின் திம்மப்பன் பெஞ்சு மேல ஏறிட்டான். பொரி பறந்தது. ஜெசி மட்டும் புருவத்தைச் சுருக்கிக்கிட்டு எழுந்தா.

"பூபதி அண்ணா, நீங்க எந்தப் படத்தைப் பாத்தீங்க?"

"ஏழாம் பாறைதாம்மா. ஆறு வாட்டி."

"முதல் இருபது நிமிஷத்துலயே தெளிவா சொல்லிடுறாங்களே. தம்பி குவாரியில செத்துப்போறான். இவன் சரியான நேரத்துல குரல் குடுக்கலை. இனி வாயே திறக்க மாட்டேன்னு அம்மா தலையில அடிச்சு சத்தியம் பண்றான். ஆறு வாட்டி பாத்தும் தெரியலையா?"

கேன்டீனே பூபதியைத் திரும்பிப் பாத்தது.

"மேட்னி ரெண்டரைக்கு. நமக்கு ஷிப்ட் முடியுறது ரெண்டேகால். கம்பெனி பஸ் தியேட்டர்கிட்ட விடும்போது ரெண்டு அம்பது," என்றான் மெதுவா. "சாயங்கால ஆட்டம் போனா ஊருக்குக் கடைசி பஸ் போயிடும். லீவு நாள்ல ராகிக் காட்டுல யானை இறங்காம காவல். நாலு வருஷமா நான் எந்தப் படத்துக்கும் ஆரம்பம் பாத்ததில்லம்மா."

எங்கேயோ ஒருத்தன் களுக்குன்னு சிரிச்சான். போச்சு, இனிமே எவன் டைரக்டரேன்னு கூப்பிடுவான்? அதைவிட, அவ்வளவு பெரிய விஷயத்தைக் கடற்கரைசாமி இப்படிப் போட்டு உடைச்சிருப்பாரா? அதைத்தான் அவனால ஏத்துக்க முடியலை.

"யோவ், நானும் ஆரம்பம் பாக்கலைய்யா!"ன்னான் பெஞ்சு மேல நின்ன திம்மப்பன். அங்கொருத்தன் எழுந்தான், இங்கொருத்தன் எழுந்தான். கொஞ்ச நேரத்துல முதல் ஷிப்ட் மொத்தமும் எழுந்து நின்னது. ரத்தினவேல் தலையில கை வெச்சுக்கிட்டாரு.

"இன்னிக்குத்தான் அரை நாள் லீவாச்சே. அந்தப் படம் இன்னும் ஓடுது. எல்லாரும் ரெண்டரைக்கு உள்ள இருக்கணும். தீர்ப்பு அங்கதான்!"ன்னாரு.

ரெண்டேகாலுக்கே முப்பது பேரு தியேட்டர்ல. சென்சார் சர்டிபிகேட்டைப் பாத்ததும் கைதட்டினாங்க பாருங்க, அதுவரைக்கும் அதை யாரும் மதிச்சதே கிடையாது. கடற்கரைசாமி பேரு திரையில வந்தப்போ பூபதிக்குக் கண்ணுல தண்ணி முட்டிடுச்சு. ஆறு வாட்டி பாத்த படத்துல அந்தப் பேரை இப்பத்தான் முதல் தடவையா பாக்குறான்.

அப்புறம் அந்த சீன் வந்தது. தம்பி செத்தான். அம்மா தலையில அடிச்சு சத்தியம். ஜெசி சொன்னது சொன்னபடி. பூபதி சீட்டுல கரைஞ்சு போனான். இவ்வளவுதானா நம்ம ஆளு?

"டைரக்டரே," என்றான் பக்கத்துல இருந்த திம்மப்பன், தியேட்டருக்கே கேக்குற மாதிரி. "இது ஒண்ணும் நல்லாயில்ல. நீ சொன்னதுதான் நல்லாருந்துச்சு."

பின்வரிசையில யாரோ ஆமான்னாங்க. பூபதி நிமிந்து உக்காந்தான். திரையில ஹீரோ தனியா பாறை மேல உக்காந்திருந்தான். பூபதிக்கு ரொம்பப் பழக்கமான இடம்.

"இங்கதான்," என்றான் முன்வரிசையில இருந்த ஜெசிகிட்ட. "நான் எப்பவும் உள்ள நுழையுறது இங்கதான்."

சொல்லி வாய் மூடலை, கதவு திறந்து வெளிச்சம் விழுந்தது. நீலச் சட்டை போட்ட ஒருத்தர், வேற கம்பெனிக்காரர், பூஜை அன்னிக்கும் ஷிப்ட் போல, இருட்டுல தடவித் தடவி வந்து பூபதி பக்கத்துச் சீட்டுல உக்காந்தாரு. மூச்சு வாங்கிச்சு.

"தம்பி, ரொம்ப நேரமாச்சா? ஏதாவது முக்கியமா போயிடுச்சா?"

ஜெசி சொல்றதுக்கு வாயைத் திறந்தா. பூபதி முகத்தைப் பாத்தா. கையில இருந்த பொரியை எடுத்து வாயில போட்டுக்கிட்டா.

"ஒண்ணும் போகலண்ணா," என்றான் பூபதி. "இப்பத்தான் ஆரம்பிச்சுது."