விராலில்லாத குட்டை

எல்லாரும் சௌக்கியமா இருக்கறீங்களா சாமி? இந்த வெயிலுக்கு மோரு கீரு குடிச்சு ஒடம்பப் பாத்துக்கறீங்களா? செரி, குந்துங்க, சென்னியம்மா கதையச் சொல்றேன். ஜலகண்டாபுரத்துக்கு மேக்கால ஒரு தோட்டத்துல நடந்தது.

சென்னியம்மா புருசன் காளியண்ணன் அவனே மம்பட்டி புடிச்சு வெட்டுன குட்டை அது. அதுல ஜிலேபி மீன் உட்டு ரெண்டு பேருமா வளத்துனாங்க. காளியண்ணன் ஆஸ்பத்திரியில கெடக்கறப்பவே அவன் தம்பி பிரபாகர் குட்டையச் சுத்திக் கம்பி வேலி போட்டு, கேட்டப் பூட்டிப்போட்டான். காளியண்ணனும் திரும்பி வருல. கருமாதி அன்னிக்கு சொந்தபந்தம், ஒறம்பரை அத்தனை பேரு முன்னாலயும் சென்னியம்மா குட்டையக் கேட்டா.

"அது எங்கப்பன் எனக்குன்னு சொல்லீட்டுப் போன எடமுங்க நங்கையா. ஒத்தப் பொம்பளை, உங்களுக்கு எதுக்குங்க மீனும் தண்ணியும்?"ன்னான்.

அண்ணன் பொண்டாட்டிய எங்க பக்கம் நங்கையான்னுதான் கூப்புடுவோம். மருவாதிக்கு ஒண்ணும் கொறச்சலில்ல. வந்த ஒறம்பரை அத்தனை பேரும் வடை பாயாசத்தத் தின்னுபோட்டு பஸ்ஸேறிட்டாங்க.

அன்னிக்கு அவ மனசுக்குள்ள ஒண்ணு முடிஞ்சு வெச்சா. அந்தச் சாவிய அவன் கையாலயே எங்கையில குடுக்கற வரைக்கும் மீன நாக்குல வெக்க மாட்டேன்னு. மீனில்லாம சோறெறங்காத பொம்பளைங்க அவ.

கொஞ்ச காலம் போச்சு. ஒரு நாளு பிரபாகரே ஊடு தேடி வந்தான். வாசல்ல செருப்பையும் கழட்டி உட்டுட்டு வந்தான், அதுலயே தெரிஞ்சு போச்சு காரியமாத்தான் வாரான்னு.

"நங்கையா, குட்டையில விராலு நெம்ப எச்சாயிருச்சுங்க. ஜிலேபிக் குஞ்சு அத்தனையும் முழுங்கிப்போடுது. தவளையக் கோத்து விராலு தூண்டி போட உங்களாட்ட ஆளு இந்தப் பக்கமே இல்லீங்க. புடிக்கறத நீங்களே எடுத்துக்கங்க."

சென்னியம்மாளுக்கு நெஞ்சுக்குள்ள குளுகுளுன்னு ஆயிருச்சு. ஏன்னு கேளுங்க. ஜிலேபி ஓயாமக் குஞ்சு பொரிக்கற சாதி. குஞ்ச வாயிலயே அடக்கி வெச்சுக் காப்பாத்திப்போடும். அதுக்கு எமன் விராலுதான். காளியண்ணன் தேடிப் புடிச்சு விராலு கொண்டாந்து உட்டதே அதுக்குத்தான். விராலு தின்னது போக மிச்சத்துக்கு எரை பத்தும், அது உள்ளங்கை அகலத்துக்கு வளரும். விராலு இல்லீன்னா அத்தனை குஞ்சும் பொழைக்கும். ஆனா குட்டை அதே குட்டைதான, எரையும் அதே எரைதான? அத்தனை வாயிக்கும் எங்க போறது?

இத்தனையும் அவ வெளிய சொல்லுல. "எல்லாத்தையுமா புடிச்சறச் சொல்ற தம்பி?"ன்னு மட்டும் கேட்டா.

"ஒண்ணு உடாமப் புடிச்சுப்போடுங்க."

"பொறவு என்னையச் சொல்லக் கூடாது."

"அட, உங்களுக்குப் புண்ணியமாப் போவுதுங்க"ன்னு அவனே பூட்டத் தொறந்து உட்டான்.

எதிராளியே கதவத் தொறந்து, வந்து பழிவாங்குங்கன்னு கூப்புடறது யாருக்குக் கெடைக்கும்?

புடிச்ச விரால அவ கொழம்பு வெக்குல. ஒரு ட்ரம்முல தண்ணிய ஊத்தி, மொபெட்டுல வெச்சுக் கட்டி, பொறந்த ஊட்டுக் கெணத்துல கொண்டு போய் உட்டுட்டா. கடைசியாப் புடிச்சது ஒரு தாய் விராலு. அது போனதும் செவச்செவன்னு அதோட குஞ்சுக ஒரு பந்தாட்ட அங்கயே சுத்துச்சு. பாத்துட்டிருக்கறப்பவே ஜிலேபிக வந்து கொத்த ஆரம்பிச்சுருச்சு. அது மட்டும் அவளுக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. முந்தானையில மொகத்தத் தொடச்சுட்டு பக்கெட்டத் தூக்கிட்டா.

அடுத்த மழை முடியறப்ப குட்டை பொங்குது. கைய உட்டா மீனு. பிரபாகர் அத வீடியோ எடுத்து ஸ்டேட்டஸுல போட்டு, மேட்டூரு மீன் யாவாரி ஜாபர வண்டியோட வரச் சொல்லீட்டான். சென்னியம்மா வேலிக்கு வெளிய வந்து நின்னுக்கிட்டா.

வலைய இழுத்தாங்க. கனம் தாங்குல. கரையில கொட்டுனா அத்தனையும் வெரல் நீளம். தலை மட்டும் பெருசு, ஒடம்பு குச்சி. அந்தக் குச்சி ஒடம்புலயும் வயித்துல முட்டை.

ஜாபர் ஒண்ண எடுத்துப் பாத்துட்டுக் கீழ போட்டாரு. "பிரபாகரு, இது குஞ்சில்ல, எல்லாமே கெழடு. இனி வளராது. நாமக்கல்லுப் பக்கம் கொண்டு போய்ப் பாருங்க, கோழித் தீவனத்துக்கு எடுத்துக்குவாங்க."

வலை இழுக்க வந்தவிய அத்தனை பேரும் சிரிச்சாங்க. சென்னியம்மா சிரிக்குல. இன்னும் இருக்குதுன்னு அவளுக்குத் தெரியும்.

ரோசத்துல பிரபாகர் லோடு லோடாக் கோழி எருவக் கொட்டுனான், தின்னு பெருசாவட்டுமுன்னு. தண்ணி பச்சைப்பசேல்னு ஆச்சு. சூரியனே தெரியாம மோடம் போட்ட ஒரு காத்தால எல்லா மீனும் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுச்சு. அத்தனைக்கும் மூச்சுக்குத் தண்ணியில காத்துப் பத்துல. மத்தியானத்துக்குள்ள குட்டை முழுக்க வெள்ளை வெள்ளையா மெதந்துச்சு, பொழைச்சது கொஞ்சந்தான். நாத்தத்துல ஊரே சண்டைக்கு வந்துருச்சு.

மறுக்காவும் வாசல்ல செருப்பு. "நங்கையா, குட்டையச் செரி பண்ண ஒரு வழி சொல்லுங்க. எனக்குக் கை உட்டுப் போச்சுங்க."

"சாவியக் கொண்டா. இங்க வேண்டாம். அன்னிக்கு வடை தின்ன ஒறம்பரை அத்தனை பேரும் கரையில நிக்கோணும். அதுக்கு முன்னால செத்தது பூராத்தையும் நீயே அள்ளிப்போடோணும். ஆளு வெக்கக் கூடாது."

மூக்குல துண்டக் கட்டிக்கிட்டு அவனே அள்ளுனான். வேப்ப நெழல்ல குந்திப் பாத்துட்டு, "அந்த மூலையில ஒண்ணு கெடக்குது பாரு சாமி"ன்னா சென்னியம்மா.

ஒறம்பரை வந்தாங்க. சாவி கை மாறுச்சு. அவ அத முந்தானையில முடிஞ்சுக்கிட்டு, கொண்டாந்த பக்கெட்ட அவன் கையிலயே குடுத்து, உள்ள இருக்கறத உடச் சொன்னா. மூடியத் தொறந்தான். பொறந்த ஊட்டுக் கெணத்துல உட்டு வெச்சதுல ஒரு சோடி விராலு.

"இதுதானுங்க எங்குஞ்சத் தின்னது"ன்னான்.

"ஆமா. அதுக்குத்தான் உடறேன்."

அவ மொகத்தப் பாத்தான். அப்பத்தான் அவனுக்கு எல்லாம் வெளங்குச்சு. புடிக்கச் சொன்னதே அவந்தான. பக்கெட்டச் சாச்சு உட்டான்.

அன்னிக்கும் அவ மீன் திங்குல. அடுத்த வருசம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜிலேபி வந்தப்பறம்தான் அடுப்பப் பத்த வெச்சா. கொழம்பு வாசம் பிரபாகர் ஊடு வரைக்கும் போவட்டுமுன்னு சன்னலத் தொறந்து வெச்சே கொதிக்க உட்டா.

உங்க பக்கத்துக் குளங்குட்டையிலயும் இப்புடி ஒண்ண ஒழிச்சு இன்னொண்ணு பெருகிப் போனது உண்டுங்களா? யாரு ஒழிச்சாங்க, யாரு அனுபவிச்சாங்கன்னு எழுதிப் போடுங்க சாமி. ஒண்ணு உடாமப் படிக்கறேன்.