பங்குக்கு வந்த கரும்புக்கொல்லை

இரண்டு சால் ஓட்டுவதற்குள் டிராக்டர் முக்கி நின்றது. கலப்பையில் ஒரு கொழு முறிந்து தொங்கியது.

"யக்கா, இது கொல்லையா தார் ரோடா?" என்றான் டிராக்டர்காரன் அய்யனார்.

விருத்தாம்பாளுக்கு நம்ப முடியவில்லை. போன மாதம் வரை இங்கே ஆளை மறைக்கும் கரும்பு நின்றது. சிதம்பரம் பஸ்ஸில் போகிறவர்கள்கூட எட்டிப் பார்ப்பார்கள். மூத்தவன் நிலத்தைப் பிரித்தால் இளையவள் முதலில் எடுக்க வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அந்தப் பச்சையைப் பார்த்து இதை எடுத்தாள். அண்ணன் கொளஞ்சிக்குக் கருவேலமுள் மண்டிய மேட்டுக்கொல்லை. சொந்தக்காரர்கள் அவனுக்காக உச்சுக்கொட்டினார்கள். கரும்பை அழித்துவிட்டு மல்லாட்டைக் கடலை போட்டுப் பிழைத்துக்கொள்ளலாம் என்று கடலூர் துணிக்கடை வேலையையும் விட்டுவிட்டு, பள்ளிக்கூடம் படிக்கும் மகளோடு வந்திருந்தாள்.

கடப்பாரையால் குத்தினாள். ஒரு சாண் ஆழத்தில் ணங்கென்றது. பெயர்ந்த கட்டி சாம்பல் நிறத்தில் ஓடு ஓடாக உடைந்தது. ஒரு மண்புழு இல்லை. காய்ந்த கட்டிகளில் வெள்ளையாகப் பூத்திருந்ததை நாக்கில் வைத்தாள். கரித்தது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள். சிமெண்டுத் தரையில் நிற்பதுபோல் நின்றது.

அப்படியே மேட்டுக்கொல்லைக்கு ஓடினாள். கொளஞ்சி முள்வேரைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். வேரோடு கறுத்த மண் பொலபொலவென்று உதிர்ந்தது. அதில் புழுக்கள் நெளிந்தன.

"அண்ணே, கொல்ல செத்துக் கெடக்குது!"

"இன்னைக்கா செத்துச்சு? முப்பது வருசமா ஒரே கரும்பு. காஞ்ச கரும்புச் சோகைய ஒரு வருசம்கூட மண்ணுல மக்கவிடல, கொளுத்திட்டேன். போருல வர்றது உப்புத்தண்ணி. யூரியா போட்டா பச்ச, போடலன்னா பொணம்."

"தெரிஞ்சேவா என் தலையில கட்டுன?"

"நான் எங்க கட்டுனேன்? நீதான கை நீட்டுன." வேரை உதறினான். "பங்குக்கு முன்னாடி ஒரு நடை யூரியா ஜாஸ்தியா போட்டேன். இல்லன்னா எடுத்திருப்பியா?"

மறைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

திரும்பி வந்தபோது அய்யனார் வரப்பில் உட்கார்ந்திருந்தான்.

"இத என்னாதான்டா பண்றது?"

"தக்கப்பூண்டு வெதைச்சு, பச்சச் செடிய மண்ணோட மடக்கி உழுவணும். தொழுவுரம் கொட்டணும். திரும்பத் திரும்ப."

"எத்தினி போகம்?"

அவன் கொல்லையைப் பார்த்தான், பிறகு அவளை.

"ஒம் பொண்ணு இப்ப எத்தனாவது படிக்கிதுக்கா?"