ஒண்ணுமே தெரியாதவருக்கு ஒரு புத்தகம்

மாமனாரே போன் செய்திருக்கிறார் என்றதும் மாப்பிள்ளைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மென்பொருள் கம்பெனி ஆபீஸில் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுதான் பேசினான்.

மாமனார் போன் செய்வதெல்லாம் ஒரு அதிசயமா என்று கேட்கலாம். இந்த வீட்டில் அதிசயம்தான். கல்யாணமாகி மூன்று வருஷத்தில், வண்டி பழக்கிய சில நாட்களைத் தவிர, அவர் மாப்பிள்ளையிடம் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியது கிடையாது. பகையெல்லாம் ஒன்றுமில்லை, பாவம். எதையும் மகள் வழியாகவே சொல்லிப் பழகிவிட்டார். எதிரே உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தண்ணீர் வேண்டுமா என்பதைக்கூட, "அவரைக் கேளும்மா" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்துத்தான் விசாரிப்பார்.

மனிதர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். ஊரில் பாதிப் பேர் அவரிடம் வண்டி பழகியவர்கள். கியரைப் பற்றிப் பேசச் சொன்னால் சோறு தண்ணி மறந்து பேசுவார். மாப்பிள்ளைக்கோ வண்டி சுட்டுப்போட்டாலும் வராது. கல்யாணமான புதிதில் மாமனாரே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துப் பார்த்தார். ஸ்கூல் வண்டியில் வாத்தியார் பக்கம் தனியாக ஒரு பிரேக் இருக்கும், பழகுகிறவர் தடுமாறினால் மிதிப்பதற்கு. மாப்பிள்ளை ஓட்டிய நாட்களில் அந்தப் பிரேக் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. அதையும் மீறி ஒருநாள் ஸ்கூலின் பெயர்ப்பலகையிலேயே போய் முட்டினான். மாமனார் இறங்கிப் பலகையைத் தடவிப் பார்த்தார், திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இன்றுவரை தோன்றும். அப்பா இல்லாமல் வளர்ந்தவன். கல்யாணத்தோடு ஒரு அப்பாவும் கிடைப்பார் என்று நம்பிக்கொண்டிருந்தான்.

அப்பேர்ப்பட்டவர் இப்போது போனில் கேட்டது இதுதான்.

"ஒண்ணுமே தெரியாதவனுக்குப் புரோகிராமிங் சொல்லிக்கொடுக்கிற மாதிரி ஒரு புத்தகம் வேணும். ஸ்கூல் வண்டிங்க நேரம் ஒண்ணோட ஒண்ணு இடிக்குது, கம்ப்யூட்டர்ல அதைச் சரி பண்ணத்தான்."

நன்றி, வணக்கம் எதுவும் இல்லை, வைத்துவிட்டார். மாப்பிள்ளைக்குக் கால் பூமியில் பாவவில்லை. தன் தொழில் சம்பந்தமாக ஒரு உதவி! இதில் கோட்டை விட்டால் இந்த ஜென்மத்தில் இன்னொரு போன் வராது என்பதும் அவனுக்குத் தெரியும்.

விஷயத்தை ஆபீஸில் சொன்னதுதான் தப்பு. பச்சைப் பிள்ளைக்கும் புரிகிற புத்தகம் எது என்று கேட்டால், ஆளாளுக்கு மார்தட்டினார்கள். குழுத் தலைவர் சிபாரிசு செய்த புத்தகத்தில் முதல் அத்தியாயமே கம்ப்யூட்டரின் நினைவகம் எப்படி அமைந்திருக்கிறது என்பது. அடிப்படை தெரியாமல் எப்படி என்றார். அடுத்த நாற்காலிக்காரி, அந்தப் புத்தகத்தின் புரோகிராமிங் மொழியே செத்துவிட்டது என்று சண்டைக்கு வந்தாள். அவளுடைய சிபாரிசு அவளே காலேஜ் முடித்த பிறகு படித்தது. தனக்கு ஒன்றுமே தெரியாமல் இருந்த காலம் அங்கே ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. எல்லாரும் பிறக்கும்போதே கீபோர்டோடு பிறந்தவர்கள் போலப் பேசினார்கள். நம் மாப்பிள்ளையும் அந்த ரகம்தானே? ராத்திரி பகலாக விமர்சனங்களைப் படித்து, அட்டையில் 'முற்றிலும் புதியவர்களுக்கு' என்று போட்ட தலையணை மாதிரி ஒரு புத்தகத்தை வாங்கினான். தானே புரட்டிப் பார்த்தான், வாழைப்பழத்தில் ஊசி ஏற்றியதுபோல் இறங்கியது. ரொம்ப சுலபம் என்று முடிவுகட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தான். மாமனார் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தலையசைத்தார்.

அடுத்த மாதம் போனபோது, "முடிச்சிட்டேன்" என்றார்.

"எது மாமா?"

"புத்தகம். பூராவும். கேளுங்க, சொல்றேன்."

கேட்டான். சொன்னார், ஐயா, சொன்னார்! லூப் என்றால் என்ன, வேரியபிள் என்றால் என்ன, எந்த அத்தியாயத்தில் என்ன படம் என்பதுவரை தண்ணீர்பட்ட பாடாக ஒப்பித்தார். மாப்பிள்ளை வாயைப் பிளந்தான். கதவருகே நின்ற அவன் மனைவி மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குத் தெரியும். அவருடைய ஸ்கூலில் அது சட்டம். சாலை விதிப் புத்தகத்தை அட்டை டு அட்டை மனப்பாடம் செய்து ஒப்பிக்காதவரை யாராக இருந்தாலும் டிரைவர் சீட்டில் உட்கார முடியாது. அதே சட்டத்தைத் தனக்கும் போட்டுக்கொண்டு, மனிதர் ஒரு மாதமாகக் கம்ப்யூட்டர் இருக்கும் அறைப் பக்கமே போகாமல் நெட்டுருப் போட்டிருக்கிறார்.

"சரி மாமா, இப்ப ஒண்ணு எழுதிப் பாத்துடலாமா?" என்றான் மாப்பிள்ளை.

மாமனார் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். முதல் காரியமாக நாற்காலியை முன்னுக்கு இழுத்துச் சரிசெய்தார். முதுகை நிமிர்த்தினார். திரையைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. எங்கே எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. எதைத் திறந்து, எந்த இடத்தில் அடிக்க வேண்டும் என்று அவ்வளவு பெரிய புத்தகத்தில் ஒரு வரி இல்லை. அது எல்லாருக்கும் தெரியுமே என்று எழுதினவர் விட்டுவிட்டார்.

பின்னால் மனைவி களுக்கென்று சிரித்துவிட்டாள். மாமனார் எழுந்தார்.

"நமக்கெல்லாம் மண்டையில ஏறாது மாப்பிள்ளை. புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுபோயிடுங்க. நேரம் போயிடுச்சு, சாப்பிடச் சொல்லும்மா அவரை."

அவ்வளவுதான், பேச்சு மறுபடி மகள் வழிக்குப் போய்விட்டது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் மாப்பிள்ளை முழித்த முழிதான் இப்போது அவர் முகத்தில் இருந்தது. அன்றைக்கு யாராவது 'தப்பு உன் மேல் இல்லை' என்று சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தான்.

"மண்டை நல்லாத்தான் இருக்கு மாமா. நான்தான் தப்பான புத்தகம் வாங்கிட்டேன்," என்றான். "எனக்குப் புரியுதான்னு பாத்து வாங்கினேன். உங்களுக்குப் புரியுதான்னு பாக்கவே இல்ல. வாங்க, கடைக்குப் போலாம். நீங்களே ஓட்டுங்க."

கடைசி இரண்டு வார்த்தைகள்தான் மாமனாரைக் கிளப்பியிருக்க வேண்டும், சாவியை எடுத்துவிட்டார்.

புத்தகக் கடையில் ஒரு பெஞ்சைப் பிடித்து அவரை உட்காரவைத்தான். ஆரம்பப் புத்தகங்கள் என்று அலமாரியில் இருந்ததையெல்லாம் அள்ளி வந்து ஒவ்வொன்றின் முதல் பக்கத்தையும் மெல்லிய குரலில் படித்துக் காட்டினான். புரிகிறதா என்று கேட்டால், எல்லாவற்றுக்கும் "ம்ம்" என்றார். புரியவில்லை என்று அந்த வாயால் சொல்ல வராது. இப்படியே போனால் கடையையே வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான் என்று மாப்பிள்ளை சோர்ந்து போனபோதுதான் அவர் காலைக் கவனித்தான்.

"வழக்கம்போல் மென்பொருளை நிறுவிக்கொள்ளவும்" என்று அவன் படித்ததும், மாமனார் வாய் "ம்ம்" என்றது, வலது கால் தரையை ஓங்கி மிதித்தது.

அந்த மிதியை அவன் மறப்பானா? வாத்தியார் பக்கத்துப் பிரேக்! அவருக்கே தெரியாமல் மிதித்துக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளை சத்தம் காட்டாமல் அடுத்த புத்தகத்தை எடுத்தான். 'உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுபோல' என்ற இடத்தில் ஒரு மிதி. மூடினான். 'இது மிக எளிது' என்று ஆரம்பித்த ஒன்றுக்கு, அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு வரிக்கும் மிதி. குழுத் தலைவரின் புத்தகம் முன்னுரையைக்கூடத் தாண்டவில்லை. இதைப் போய் ஆபீஸில் எப்படிச் சொல்வது என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

அடியில் ஒல்லியாக ஒன்று கிடந்தது. அழுமூஞ்சி அட்டை, மங்கலான காகிதம். இதையெல்லாம் யார் படிப்பார்கள் என்று அவனே முதலில் ஒதுக்கி வைத்தது. வேண்டாவெறுப்பாகத் திறந்தான். கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் என்ன தெரியும், அதில் எதை அழுத்த வேண்டும், திறக்கிற வெள்ளைக் கட்டத்தில் என்ன அடிக்க வேண்டும் என்று இருந்தது. 'இப்போது வேண்டுமென்றே ஒரு எழுத்தைத் தப்பாக அடியுங்கள். சிவப்பாக ஏதாவது வரும். பயப்பட வேண்டாம், ஒன்றும் உடையவில்லை' என்று இருந்தது. படித்தான், படித்தான், படித்துக்கொண்டே போனான். கால் அசையவில்லை. கடைக்காரர் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். மாமனார்தான் அவரை முறைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக உட்கார்ந்து, புத்தகம் சொன்னபடி அடித்தார். சொன்னபடி தப்பாகவும் அடித்தார். சிவப்பாக வந்தது.

"பாத்தீங்களா, சொன்ன மாதிரியே வந்துடுச்சு!" என்று முகமெல்லாம் பல்லாகச் சொன்னார். உலகத்திலேயே முதல் பிழைக்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதர் அவராகத்தான் இருக்கும். திருத்தினார். திரை அவர் பெயரை எழுதி வணக்கம் சொன்னது. பதிலுக்கு வணக்கம் சொல்லிவிடுவாரோ என்று பார்த்தான், நல்லவேளை சொல்லவில்லை.

"இன்னும் கொஞ்சம் பழகினா வண்டி நேரம் இடிக்கிறதை இதுலயே சரி பண்ணிடலாம் மாமா," என்றான்.

"எங்க இடிக்குது? இருக்கிறதே ரெண்டு வண்டி," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னே எதற்கு ஒரு மாதம் அந்தத் தலையணையோடு மல்லுக்கட்டினார் என்று கேட்டான். மாமனார் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கீபோர்டில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

"நீங்க வர்றீங்க, உக்காருறீங்க. என்ன பேசுறதுன்னு எனக்குத் தெரியல. எனக்குத் தெரிஞ்சது வண்டி ஒண்ணுதான், அது உங்களுக்கு ஆகாது. உங்க வேலை எனக்குத் தெரியாது. ஏதாவது கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டா, நீங்க வர்றப்ப கேக்கிறதுக்கு ஒரு கேள்வியாவது இருக்குமேன்னு பாத்தேன்."

தானும் மூன்று வருஷமாக இதேபோல் தவித்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று மாப்பிள்ளை வாயெடுத்தான். மாமனார் அதற்குக் காத்திருக்கவில்லை. புத்தகத்தில் ஒரு வரியில் விரலை வைத்து, இது ஏன் மற்ற வரிக்கு நேராக நிற்காமல் தள்ளி நிற்கிறது என்று கேட்டார். மாப்பிள்ளை நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தான். அவர் கால் எப்போதெல்லாம் தரையை மிதிக்கிறதோ அப்போதெல்லாம் நிறுத்தி, வேறு மாதிரி சொன்னான்.

விளக்குப் போடும் நேரமாகிவிட்டது. கிளம்பலாமா என்று மனைவி கைப்பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். புருஷன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அப்பாவிடம் சொல்லிப் பார்த்தாள்.

மாமனார் திரும்பாமலே கையை உயர்த்தினார்.

"இரும்மா. நாங்க பேசிக்கிட்டிருக்கோம்."