இடப்பக்கச் சுவர்

மேகலாவுக்கு இடது கையும் காலும் விழுந்து எட்டு மாதம் ஆன பிறகுதான் அவள் கணவன் பூவரசன் அந்த அலமாரியைச் செய்ய ஆரம்பித்தான்.

அது அவள் ஆசைப்பட்டுக் கேட்டது. அரியலூரில், செந்துறை ரோட்டை ஒட்டிய வீட்டுக் கூடத்தில் மெஷின் போட்டு அவள் ரவிக்கை தைத்துக் கொடுத்துவந்தாள். அளவு ரவிக்கை வாங்கப் போன ஒரு வீட்டில், தேன்கூடு மாதிரி ஆறு மூலை மரப்பெட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டிச் சுவரில் மாட்டியிருந்தார்கள். போனில் படம் எடுத்து வந்து காட்டி, நூல்கண்டு அடுக்க நமக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்றாள். அடுத்த மாதமே மெஷினில் உட்கார்ந்தபடி ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தாள். திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது அவளிடம் பேச்சு இருந்தது, நினைவு இருந்தது, நடை இல்லை.

பூவரசன் சிமெண்ட் லாரி ஓட்டுவதை விட்டுவிட்டு லோடு ஆட்டோவுக்கு மாறினான். அதுவும் பக்கத்து வீட்டு வீராயி வந்து துணைக்கு இருக்கும் நேரங்களில் மட்டும். கூடத்தில் ஜன்னலை ஒட்டிக் கட்டில் போட்டிருந்தான். ஜன்னல் மேகலாவுக்கு வலப்பக்கம். இடப்பக்கம் கூடமும், அதைத் தாண்டித் தையல் மெஷின் நின்ற நீளச் சுவரும். அவள் எந்நேரமும் ஜன்னல் பக்கமே பார்த்துக் கிடந்தாள். மெஷினைப் பார்க்கச் சகிக்காமல்தான் அப்படிக் கிடக்கிறாள் என்று நினைத்து, அதைச் செந்துறையில் கட்டிக்கொடுத்த மகள் புவனேஸ்வரி வீட்டுக்கு அனுப்பினான். அப்போதும் அவள் திரும்பவில்லை. வெறும் சுவரை எதற்குப் பார்ப்பாள் என்று தோன்றியபோதுதான் அலமாரி ஞாபகம் வந்தது.

பெரம்பலூருக்கு லோடு ஏற்றிப் போன அன்று ஒரு மரக்கடையில் பைன் பலகை வாங்கி வந்தான். ஆசாரியிடம் கொடுக்க மனம் வரவில்லை. பலகையின் இரு முனைகளையும் முப்பது டிகிரி சரித்து அறுத்தால் ஆறு பலகை சேர்ந்து அறுகோணமாகும் என்று போனில் பார்த்துத் தெரிந்துகொண்டான். கொல்லையில் உட்கார்ந்து, மகளின் பழைய கோணமானியை வைத்துக் கோடு போட்டு அறுத்தான். ஐந்து பலகை ஒழுங்காகச் சேர்ந்தன. ஆறாவது சேருமிடத்தில் விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்து நின்றது. எந்த வெட்டிலும் கண்ணுக்குத் தெரியாத பிசகு, கடைசி மூட்டில் மொத்தமாக வந்து நின்றது. பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி அறுத்தான்.

உள்ளேயிருந்து மேகலா, என்ன சத்தம் என்று கேட்டாள். சொன்னான்.

"எத்தன பொட்டி?"

"ஏழு. நடுவுல ஒண்ணு, சுத்தி ஆறு."

"நடுப்பொட்டியில செவப்பு நூல் வைங்க. அதுதான் அடிக்கடி எடுப்பேன்."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவளாக ஒன்றைக் கேட்டது அதுவே முதல் தடவை. அன்று இன்னொரு டம்ளர் டீயும் கேட்டுக் குடித்தாள். அதற்குப் பிறகு அவன் வேலை வேகம் பிடித்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்து, டிரில்லிங் மிஷின் வாடகைக்கு எடுத்து வந்து ஏழு பெட்டிகளையும் நீளச் சுவரில் மாட்டினான். நடுப்பெட்டியில் சிவப்பை வைத்து, மற்ற நூல்கண்டுகளை நிறம் பார்த்துச் சுற்றி அடுக்கினான். வீராயி வந்து நின்று பார்த்துவிட்டு, கடையில் வாங்கியது மாதிரியே இருக்கிறது என்றாள்.

பூவரசன் கட்டிலின் இடப்பக்கம் போய் நின்றான். "பாரு மேகலா."

அவள் ஜன்னலைப் பார்த்தபடி, "எப்ப மாட்டப் போறீங்க?" என்றாள்.

விளையாடுகிறாள் என்று நினைத்தான். மோவாயைப் பிடித்து மெதுவாகத் திருப்பினான். கண் சுவர்ப்பக்கம் வந்தது. வந்த வேகத்திலேயே நழுவி ஜன்னலுக்குப் போய்விட்டது. அப்போதுதான் அவனுக்குப் பயம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்த புவனேஸ்வரி, அம்மா தட்டில் ஒரு பக்கத்துச் சோற்றைத் தொடவே மாட்டேன் என்கிறாள், கவனித்தீர்களா என்றாள். பசியில்லை என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

உடற்பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் கலைவாணனிடம் இருவரும் கேட்டார்கள். அவர் மேகலாவின் முகத்துக்கு முன்னால் பேனாவை நகர்த்திப் பார்த்தார். பிறகு பூவரசனை வாசலுக்கு அழைத்துப் போனார்.

"கண்ணுல கோளாறு இல்லங்க. மூளையில அடிபட்ட எடம் அப்படி. எடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதே அவங்களுக்குத் தெரியாது. தட்டுல எடது பாதிச் சோறு மிஞ்சறதும் அதனாலதான்."

"சரியாயிடுமா சார்?"

"சரியாகறதா இருந்தா மொதல் சில மாசத்துலயே கொஞ்சம் தெரிஞ்சிருக்கும். பயிற்சி குடுப்போம். நம்பிக்கையாச் சொல்ல முடியலங்க."

இத்தனை மாதமும் பூவரசன் அந்தப் பக்கம்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். உணர்ச்சியில்லாத அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஊர்க்கதையெல்லாம் சொன்னான். முகம் திருப்பாமல் அவள் பதில் சொன்னபோது, தன்மேல் ஏதோ கோபம் என்றுதான் எடுத்துக்கொண்டான்.

மறுநாள் கட்டிலைத் திருப்பிப் போட்டான். தலைமாடு கால்மாடானது. இப்போது நீளச் சுவர் அவளுக்கு வலப்பக்கம். மேகலா பார்த்தாள். அவள் முகம் மாறியது. பச்சை, ஊதா, மஞ்சள் என்று நூல்களின் நிறத்தை ஒவ்வொன்றாகச் சொன்னாள். பூவரசன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஏன் பாதியோட நிறுத்திட்டீங்க?" என்றாள்.

அவன் சுவரைப் பார்த்தான். ஏழு பெட்டியும் இருந்தன.

"பலக தீந்துடுச்சு," என்றான்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டாள். "ஜன்னல அடச்சிட்டீங்களா?"

ஜன்னல் திறந்துதான் இருந்தது. அவளுடைய இடது தோளுக்குப் பக்கத்தில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. அதைச் சொன்னான். அவள் நம்பவில்லை. வெளியே ரோட்டைப் பார்க்காமல் மூச்சு முட்டுகிறது என்றாள். மறுநாளும் அதையே சொல்லி அழுதாள். சாப்பிட மாட்டேன் என்றாள். மூன்றாம் நாள் அவனும் வீராயியும் சேர்ந்து கட்டிலைப் பழையபடியே போட்டார்கள். ஜன்னலைப் பார்த்ததும் மேகலா அமைதியானாள்.

வீராயி நாற்காலியை ஜன்னல் ஓரமாக, அவள் பார்க்கும் இடத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மேகலா அவளிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

"அலமாரி செய்யிறேன்னு ஆரம்பிச்சாரு. பாதியில வுட்டுட்டாரு. நடுப்பொட்டியில செவப்பு நூல் வைக்கச் சொல்லியிருந்தேன், அதையும் காணோம்."

வீராயி எதிர்ச்சுவரைப் பார்த்தாள். பிறகு பூவரசனைப் பார்த்தாள். வாயெடுத்தவளை அவன் வேண்டாம் என்று தலையசைத்து நிறுத்தினான்.

"மிச்சத்தையும் செஞ்சு முடிங்க," என்றாள் மேகலா, ரோட்டைப் பார்த்தபடி.

"செய்யிறேன்," என்றான் அவன்.

வீராயி எழுந்து போனாள். கொல்லையில் மீந்த பலகைத் துண்டுகள் கிடந்தன. பூவரசன் போய் ஒரு துண்டைக் காலுக்கடியில் வைத்து, மேகலாவுக்குக் கேட்கட்டும் என்று ரம்பத்தை இழுத்தான்.