ஷிமேயின் குப்பையில் கிடைத்த பெயிண்ட் டப்பா

ப்ளாஷுக்கு ஷிமேயின் முகத்தைக் கண்டால் ஆகாது. ஷிமேயின் குப்பையை மட்டும் நம்புவான்.

படகு கட்டும் இரும்பு வளையம் ஒன்றுக்காக இருவரும் பேச்சை நிறுத்திப் பதினோரு வருஷம் ஆகிறது. இரண்டு பேரும் தால்மாத்தியக் கடலோரத்துத் தீவு ஒன்றின் ஒரே துறையில்தான் நீர் ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிறார்கள். ஒருவன் காப்பிக் கடைக்குள் நுழைந்தால் மற்றவன் பாதிக் காப்பியோடு எழுந்து போய்விடுவான். ஊரில் இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. இங்கே வீம்பு இல்லாத ஆளை டாக்டரிடம் காட்டச் சொல்வார்கள்.

இந்த வருஷம் வீம்போடு பிழைப்பும் சேர்ந்துகொண்டது. புதிதாகத் திறந்த ஹோட்டல் சுற்றுலாக்காரர்களையெல்லாம் இழுத்துக்கொண்டு, தன் கடற்கரையில் ஒருவருக்கு மட்டுமே இடம் என்று சொல்லிவிட்டது. மேனேஜர் வெஸ்னா ஒரே நிபந்தனை என்று சொல்லி மூன்று போட்டாள். ஸ்கூட்டர் எந்நேரமும் தண்ணீரிலேயே நிற்க வேண்டும். மே மாதம் முழுக்க ஓட்டிக் காட்ட வேண்டும். ஜூன் முதல் தேதி தூக்கிப் பார்க்கும்போது அடிப்பாகத்தில் பாசி, சிப்பி, உரிந்த பெயிண்ட் எதுவும் இருக்கக் கூடாது.

அந்த இடம் கிடைக்காவிட்டால் ப்ளாஷ் மறுபடியும் ம்யூனிக் போய், ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் கூடத்தில் நிற்க வேண்டும். இரண்டு வருஷம் நின்றவன். அந்த நீராவி வாடையை நினைத்தாலே மூக்கைப் பொத்திக்கொள்வான்.

"இந்தத் தடவ போனீங்கன்னா வழியனுப்பக்கூட வரமாட்டேன்" என்று சொல்லியிருந்தாள் அவன் மனைவி நெவென்கா. அவள் சொன்னதைச் செய்கிறவள்.

இதுவரை ப்ளாஷ் மாலையானால் ஸ்கூட்டரைக் கரையேற்றி நிறுத்திவிடுவான். அதன் அடிப்பாகம் பெயிண்டையே பார்த்ததில்லை. பாசி பிடிக்காமலிருக்க இனிமேல் அடிக்க வேண்டும். எதை அடிப்பது என்று யாரையாவது கேட்கலாம். கேட்டால் தெரியாது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் ஏப்ரலில் ஒரு நாள், ஷிமே வீட்டு வாசல் குப்பைத் தொட்டியில் காலிப் பெயிண்ட் டப்பா ஒன்றைக் கண்டதும் அதைச் செய்தித்தாளில் சுருட்டிக்கொண்டு பெயிண்ட் கடைக்கு ஓடினான்.

"தோன்கா அக்கா, இதே பெயிண்ட் வேணும். ஸ்கூட்டருக்கு."

கடைக்காரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தம்பி, இது மரப்படகுக்கு. கொஞ்சம் கொஞ்சமா கரையணும்னே செஞ்சது. ஆடி அசைஞ்சு போய்ட்டு வர்ற கிழட்டுப் படகுக்குச் சரி. உன் வண்டி போற வேகத்துக்கு ஒரு மாசம் தாங்காது. ரெண்டு டப்பாவக் கலந்து அடிக்கிற கெட்டிப் பெயிண்ட் இருக்கு. நல்லா தேய்ச்சு, அடிப்பூச்சு குடுத்து, அதுக்கு மேல அந்தக் கெட்டிப் பெயிண்ட அடி. அப்புறம் நீயே சுரண்டினாலும் வராது."

"இத யாரு வாங்கினது தெரியுமா? ஷிமே. உங்க கடைக்கு வந்தா எனக்குத் தெரிஞ்சிரும்னு அக்கரையில ஸ்ப்லித் டவுன் வரைக்கும் போய் வாங்கியிருக்கான், கடைச் சீட்டு ஒட்டியிருக்கு பாருங்க. கப்பல்ல இருபது வருஷம் இருந்தவன்."

"அவனுக்கு மூளையே கெடையாதுன்னு போன வாரம் இங்க நின்னுதான் சொன்ன."

"ஆளு அப்படித்தான். பெயிண்ட் விஷயம் வேற."

"முப்பது வருஷமா பெயிண்ட் விக்கிறேன் தம்பி."

"அதான் சொல்றேன். நீங்க விக்கிறவங்க."

தோன்கா அதே பெயிண்டில் புது டப்பா ஒன்றை எடுத்து வைத்தாள். "உரிஞ்சா இந்தப் பக்கம் வராத" என்றாள்.

ப்ளாஷ் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று கை பெயிண்ட் அடித்தான். செங்கல் நிறத்தில் அடிப்பாகம் அழகாகத்தான் இருந்தது.

மே மாதத்தில் ஸ்கூட்டரை முடுக்கும்போதெல்லாம் பின்னால் தண்ணீர் லேசாகச் சிவந்தது. முதல் நாள் அவனுக்குத் திக்கென்றது. மறுநாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஷிமேயின் ஸ்கூட்டரைக் கவனித்தான். அதன் பின்னாலும் தண்ணீர் சிவந்தது. அப்பாடா என்று இருந்தது ப்ளாஷுக்கு.

"நல்ல பெயிண்டுன்னா அப்படித்தான் இருக்கும்" என்று நெவென்காவிடம் சொன்னான். அவள் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

ஜூன் முதல் தேதி காலையில், துறையிலிருந்த சின்னக் கிரேன் இரண்டு ஸ்கூட்டர்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கியது. ப்ளாஷின் ஸ்கூட்டரில் அங்கங்கே செங்கல் நிறத் திட்டு. மிச்ச இடமெல்லாம் வெள்ளை, அதில் பச்சைப் பாசி, பாசிக்கு நடுவே குட்டிக் குட்டிச் சிப்பிகள். ஷிமேயின் ஸ்கூட்டர் மேலே வந்தது. அதே திட்டு, அதே பாசி. சிப்பி மட்டும் இன்னும் கொஞ்சம் கொழுத்திருந்தது.

வெஸ்னா இரண்டையும் ஒரு சுற்று சுற்றி வந்தாள். "ரெண்டு பேருக்கும் நன்றி. நாங்க மிதிபடகு வாங்கிக்கிறோம். முழுக்க பிளாஸ்டிக், பெயிண்டே வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கிரேன்காரனும் போன பிறகு, பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஷிமே வாயைத் திறந்தான்.

"இது நீ போன வருஷம் அடிச்ச பெயிண்டுதானடா?"

"நானா?"

"உன் வீட்டுக் குப்பையில டப்பாவப் பாத்தேன். தூரத்துல இருந்து பாத்தவரைக்கும் உன் வண்டியில பாசியே இல்ல. எதுல எப்படியோ, பெயிண்ட் விஷயத்துல நீ கெட்டிக்காரன்னு நெனச்சேன்."

ஷிமேயின் வாயிலிருந்து அவன் கேட்ட முதல் பாராட்டு. அதை அப்படியே வைத்துக்கொள்ளத்தான் ப்ளாஷ் ஆசைப்பட்டான். முடியவில்லை.

"அது எங்க மாமா அவரு மரப்படகுக்கு வாங்கி அடிச்சது. டப்பாவ எங்க வீட்டுக் குப்பையில போட்டுட்டுப் போயிருக்காரு" என்றான்.

ஷிமே ஒரு திட்டை நகத்தால் சுரண்டினான். அது உடனே உதிர்ந்தது.

"ம்யூனிக் பஸ் என்னிக்கு?" என்று கேட்டான்.

"ஞாயித்துக்கெழம."

ஞாயிற்றுக்கிழமை நெவென்கா சொன்னபடியே வழியனுப்ப வரவில்லை. ஷிமேயின் மனைவியும் வரவில்லை. படகில் அக்கரை சேர்ந்து பஸ் ஏறிய ப்ளாஷுக்கும் ஷிமேவுக்கும் ஜன்னல் சீட்டுதான் வேண்டியிருந்தது. இடப்பக்கம் ஒருவன், வலப்பக்கம் ஒருவன் உட்கார்ந்தார்கள். பஸ் ஸ்ப்லித்தைத் தாண்டியதும் ஷிமே இந்தப் பக்கம் திரும்பினான்.

"அந்தத் துணி தொவைக்கிற எடத்துல வேல எப்படிடா?"

ப்ளாஷுக்கு நீராவி வாடை மூக்கில் ஏறியது. தனியாக நின்ற இரண்டு வருஷமும் ஞாபகத்துக்கு வந்தது.

"நல்ல வேல" என்றான். "நீயும் வா."