யார் கையிலும் இல்லாதது

கல்யாண சீசன் வந்துவிட்டது என்பது ராஜபாளையத்தில் அசீனாவின் இடுப்புக்குத்தான் முதலில் தெரியும். காலையில் ஒரு மணப்பெண், சாயங்காலம் ஒரு மணப்பெண், இடையில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டவுன் பஸ். மெஹந்தி போடுகிறவளுக்குக் கைதான் நோகும் என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

அந்த வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வருகிற பெண்ணெல்லாம் போனை நீட்டி, “அக்கா, இதே மாதிரி” என்பதைத்தான் அவளால் சகிக்க முடியவில்லை. ஒரே மயில், ஒரே தாமரை, ஒரே யானை. ஒரு காலத்தில் மெஹந்திக் கோனைக் கையில் எடுத்தால் கோடு தானாக ஓடும். அடுத்து என்ன வரப்போகிறது என்று அவளே ஆவலாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். இப்போதும் கை ஓடுகிறது, ஆள்தான் அங்கே இல்லை. சொந்தமாக ஒரு வளைவு போட்டு வருஷக்கணக்காகிவிட்டது. யாரும் கேட்கவும் இல்லை.

ஒருத்தி கேட்டிருந்தாள். மகள் சப்ரீன். பள்ளிக்கூடம் போகும்போதே, “என் கல்யாணத்துக்கு யாரு கையிலயும் இல்லாததப் போடணும்மா” என்று சொல்லி வைத்திருந்தாள். அசீனாவும் பெரிய இவள் மாதிரி தலையாட்டிவிட்டாள்.

நாளைக்கு சப்ரீனுக்கு நிக்காஹ். மாதக்கணக்கில் கிறுக்கிப் பார்த்தாயிற்று. காலண்டர் தாளின் பின்பக்கத்தில், அட்டைப் பெட்டியில், கடைசியில் தன் தொடையிலேயே. எதைப் போட்டாலும் யாரோ ஒருத்தியின் போனில் பார்த்ததாகவே வந்து நின்றது. மகளிடம் சொல்ல வெட்கம். கல்யாண வேலையின் மேல் பழியைப் போட்டுத் தள்ளிக்கொண்டே வந்தாள். மதியச் சாப்பாடு முடிந்து சப்ரீன் பாயில் உட்கார்ந்து கையை நீட்டியபோது, இனித் தள்ள வழியில்லை.

“என்னம்மா போடப் போற?”

“பேசாம இரு. கை ஆடும்.”

இடது உள்ளங்கையில் ஆரம்பித்தாள். தோகை பாதி விரிந்த பிறகுதான் கவனித்தாள், போன வாரம் புதுப்பட்டிப் பெண்ணுக்குப் போட்ட அதே மயில். கழுத்து வளைவுகூட மாறவில்லை. ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் கிடந்த பேண்டேஜ் துணியை எடுத்து ஒரே இழுப்பில் துடைத்துவிட்டாள்.

பேண்டேஜ் கழிவுத் துணிக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை. காபி வடிகட்டவும் வண்டி துடைக்கவும் அதுதான். சப்ரீன் வேலை பார்ப்பதும் பேண்டேஜ் கம்பெனியில்தான், துணி மடிக்கிற பிரிவில்.

துடைத்த பிறகுதான் புத்தி வந்தது. மெஹந்தி என்ன சிலேட்டுக் குச்சியா? மயில் இருந்த இடத்தில் ஆரஞ்சு நிறத்தில் அசிங்கமாக ஒரு தீற்றல். விடிந்தால் கல்யாணம்.

“ஏம்மா அழிச்ச? நல்லாத்தான இருந்துச்சு?”

“எனக்கு வரலட்டி” என்றாள் அசீனா. “ஒண்ணுமே வரல. ஒனக்குக் குடுத்த வாக்கக் காப்பாத்த எனக்கு ஏலல. உள்ள இருந்ததெல்லாம் தீந்து போச்சு.” சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக்கூடத் தெம்பில்லை.

சப்ரீனுக்குக் கை பிசுபிசுவென்று இருந்தது. புதுத் துணி ஒன்றை எடுத்து, பார்க்காமலே ஓரத்தை உள்ளே தள்ளி மடித்து, உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். எடுத்தபோது, கையில் மிச்சமிருந்த மெஹந்தி துணியின் சல்லடைக் கண்களுக்குள் பிதுங்கி, தோலில் பொடிப்பொடிக் கட்டங்களாகப் பதிந்திருந்தது. மடிப்பு விழுந்த இடத்தில் மட்டும் ஒரு வெற்றுக் கோடு.

“பாரும்மா, கம்பெனி கையோடயே வந்துருச்சு” என்று சிரித்தாள் சப்ரீன்.

அசீனா சிரிக்கவில்லை. மகள் கையைக் கண்ணுக்குப் பக்கத்தில் இழுத்தாள்.

“ஏட்டி, இன்னொரு தடவ மடி.”

“எதுக்கு?”

“கம்பெனில மடிக்கிற மாதிரியே மடிச்சுக் காட்டு.”

சப்ரீன் மடித்தாள். இந்த ஓரம் உள்ளே, அந்த ஓரம் அதன்மேல், நடுவில் ஒன்று, கட்டை விரலால் ஒரு நீவல். ஊர்ப்பட்ட பெண்களின் கையைப் பிடித்திருக்கிறாள் அசீனா. சொந்த மகளின் விரல்கள் இப்படி ஓடும் என்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். வெட்கமாக இருந்தது.

கோனை எடுத்தாள். கட்டம் கட்டமாக வலை, மணிக்கட்டு வரைக்கும் மடிப்பு மடிப்பாக இறங்கியது. ஓரத்தில் பிரிந்த ஒற்றை நூல் ஒன்று கிளம்பி மோதிர விரலைச் சுற்றி ஏறியது. அது எங்கே போய் நிற்கும் என்று அவளுக்கே தெரியவில்லை. தீற்றல் வலைக்கு அடியில் காணாமல் போனது. முடித்துவிட்டு எழுந்தபோது இடுப்பு நிமிரவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

மறுநாள் வந்தவர்கள் மாப்பிள்ளையை விட்டுவிட்டு சப்ரீன் கையைத்தான் படம் பிடித்தார்கள்.

மாதம் ஒன்று போயிருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் யோகேஸ்வரி என்ற மணப்பெண் பாயில் உட்கார்ந்ததும் போனை நீட்டினாள். “அக்கா, இதே மாதிரி.”

போனில் இருந்தது சப்ரீனின் கை.

அசீனா பெருமூச்சு விட்டாள். கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடலாம். வெளிச்சம் இருக்கும்போதே வீடு போய்ச் சேரலாம்.

“இது வேற ஒருத்திக்கு உள்ளதும்மா. போனை வை. நீ என்ன வேல பாக்க?”

“நானா? சும்மா வீட்லதான்க்கா இருக்கேன்.”

அசீனாவுக்கு உடம்பெல்லாம் அலுப்பாக இருந்தது. சும்மா இருப்பதை எப்படி வரைவது? பேசாமல் மயிலையே போட்டுத் தொலைக்கலாமா என்று நினைத்தபடி பெண்ணின் கையைத் திருப்பினாள். உள்ளங்கையில் கட்டை விரலுக்கு அடியில் காய்த்துப்போயிருந்தது.

“இது என்ன?”

“வீல்சேர் தள்ளித் தள்ளிக் காய்ச்சுப் போச்சுக்கா. அப்பாவுக்கு நடக்க வராது. காலையில வெயில்ல கொண்டுபோய் வைக்கணும், பொறவு கோயில் வரைக்கும் போகணும்பாரு. தெருவெல்லாம் மேடு பள்ளம்.”

“இதுக்குப் பேரா சும்மா?”

யோகேஸ்வரி தன் உள்ளங்கையைப் பார்த்தாள். “நாளைக்குப் பொறவு யாரு தள்ளுவாகளோ தெரியலக்கா” என்றாள். மறு கையால் கண்ணைத் துடைக்கப் போனாள், இந்தக் கையும் அசைந்தது.

“கையை ஆட்டாதம்மா” என்றாள் அசீனா. காய்ப்பைச் சுற்றி முதல் வட்டத்தைப் போட்டாள்.