எலிசபெத்தில் இருக்கிறது சர்வீஸ் புத்தகம்

1

இந்தக் கதை இரண்டு காகிதங்களிலிருந்து வந்தது. தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் உயர்நிலைப் பள்ளியின் ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதப் போயிருந்தேன். பழைய கட்டு ஒன்றில் இரண்டு கடிதங்கள் சேர்த்துக் குத்தப்பட்டிருந்தன. முதலாவது, 1954 ஏப்ரலில் கிளார்க் பூங்கனி தலைமையாசிரியருக்கு எழுதியது: பி.ஏ. பரீட்சையின் கடைசித் தாளை எழுதத் திருவனந்தபுரம் போக வேண்டும், விடுப்பு தேவை. இரண்டாவது, தலைமையாசிரியர் பூங்கனிக்கு எழுதியது: விடுப்பு இல்லை. இரண்டும் ஒரே கையெழுத்து. இரண்டாவதில் கையொப்பத்துக்கு விட்ட இடம் காலியாக இருந்தது.

தன் விண்ணப்பத்தைத் தானே மறுத்தவளை விட்டுவிட்டு என்னால் மலர்க் கட்டுரை எழுத முடியவில்லை. (மலர் எனக்காகக் காத்திருக்கிறது. ஆசிரியர் குழு மன்னிக்கட்டும்.)

2

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

‘தந்தையை இழந்த பூங்கனி, மண்ணெண்ணெய் விளக்கின் மங்கிய ஒளியில்’ — விளக்கை அவளே ஊதி அணைத்துவிட்டாள். பகலில் ஆபீசிலேயே படித்து முடித்துவிடுகிறாளாம். தந்தையும் குழித்துறையில் நலமாக இருக்கிறார்.

‘நாடு விடுதலையடைந்த அதே வாரத்தில் பூங்கனியின் வாழ்விலும்’ — வேண்டாம். அந்த வாரம் அவள் இரண்டு மாதத் தற்காலிக வேலைக்கு வந்தாள். வந்த மூன்றாம் நாள், ஒரே பையன் மூன்று அட்மிஷன் ரிஜிஸ்டர்களில் மூன்று பிறந்தநாளோடு இருப்பதைக் கண்டுபிடித்தாள். அதன்பிறகு அவளை யாரும் போகச் சொல்லவில்லை.

மூன்றாவது தொடக்கம் ஒரு அலமாரி. அதுதான் நின்றது.

3

ஆபீஸ் அலமாரியில் இருபத்துநான்கு அறைகள். இங்கிலாந்தை முதலாம் வில்லியம் தொடங்கி முதலாம் ஜேம்ஸ் வரை ஆண்டவர்கள் இருபத்துநான்கு பேர். பி.ஏ.வுக்குத் தனியாகப் படிக்கத் தொடங்கிய பூங்கனிக்கு இந்தப் பொருத்தம் ஒரு மத்தியானம் கண்ணில் பட்டது. (கல்லூரிக்குப் போகாமல் பெண்கள் பரீட்சை எழுத அன்று வழி இருந்தது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். தவறென்றால் திருத்தத் தயார்.) அன்றே ஒவ்வோர் அறைக்கும் ஒரு மன்னரை நியமித்தாள்.

சும்மா நியமிக்கவில்லை. பிரபுக்களிடம் உரிமைச் சாசனம் எழுதிக்கொடுத்த ஜான் மன்னரிடம் பெற்றோரின் புகார் மனுக்கள். மனைவியரை ஒருவர் பின் ஒருவராக அனுப்பிய எட்டாம் ஹென்றியிடம் டி.சி. புத்தகம். இரண்டே மாதம் மன்னராயிருந்த ஐந்தாம் எட்வர்டிடம் தற்காலிக ஆசிரியர்களின் உத்தரவுகள். நெடுநாள் ஆண்ட எலிசபெத்திடம் எல்லோருடைய சர்வீஸ் புத்தகங்களும்.

ஒரு ஃபைலை எடுக்கும்போதெல்லாம் ஒரு பாடம் மனதில் ஏறியது. வேலையும் படிப்பும் ஒன்றையொன்று சுமந்துகொண்டு ஓடின. ஆனால் அவள் இல்லாவிட்டால் தலைமையாசிரியர் இஸ்ரவேலால் ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட எடுக்க முடியாது.

(சீட்டு எழுதி ஒட்டலாமே என்று கேட்கிறீர்கள். ஒட்டினால் கண் சீட்டைப் படிக்கும், மனம் மன்னரை மறந்துவிடும். பரீட்சை முடிந்த மறுநாள் ஒட்டுவதாக இருந்தாள்.)

பணயத்தைச் சொல்லிவிடுகிறேன். வரும் ஜூனில் பள்ளிக்கு ஓர் ஆபீஸ் சூப்பிரண்டு நியமிக்கக் கமிட்டி தீர்மானித்திருந்தது. பட்டதாரியாக இருக்க வேண்டும். பூங்கனி பட்டம் வாங்கினால் அவள். இல்லையென்றால் வெளியிலிருந்து யாரோ ஒருவர் வந்து அவள் நாற்காலியில் உட்காருவார். மற்றத் தாள்கள் முடிந்துவிட்டன. மிச்சம் இங்கிலாந்து வரலாறு, வியாழக்கிழமை காலை.

4

புதன்கிழமைத் தபாலில் இன்ஸ்பெக்டரின் கடிதம் வந்தது. வியாழக்கிழமை பள்ளியைப் பார்வையிட வருகிறார்.

“பூங்கனி, நாளைக்கு இன்ஸ்பெக்டர் வாறாராம்,” என்றார் இஸ்ரவேல்.

“நாளைக்கு எனக்குப் பரீட்சை, சார். இன்னைக்கு நாலு மணி பஸ்ஸுக்குப் போவணும்.”

“நீ போனா அந்த அலமாரியில நான் எதைத் தேட? போன மாசம் டி.சி. புக்கு கேட்டேன். எட்டாம் ஹென்றியில இருக்குன்னு சொல்லிட்டு சோறு திங்கப் போயிட்ட.”

“நீங்க எட்டாம் எட்வர்டைத் தேடுனீங்க, சார். அவரு நம்ம அலமாரியிலயே கெடையாது.”

“அதைத்தான் நானும் சொல்லுகேன். லீவு இல்ல. எழுத்துல கொண்டா.”

“விண்ணப்பமா, பதிலா சார்?”

“ரெண்டும். எல்லாம் முறைப்படி இருக்கணும்லா.”

இதுதான் அந்த ஆபீசின் வழக்கம். கடிதங்களை எல்லாம் பூங்கனி எழுதுவாள். இஸ்ரவேல் வாசிக்காமல் கையொப்பம் போடுவார். ஏழு வருடத்தில் ஒன்றைக்கூட அவர் வாசித்ததில்லை.

விண்ணப்பத்தை ஐந்து நிமிடத்தில் எழுதினாள். பதிலுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ‘தங்கள் முயற்சியைப் பாராட்டும் அதே வேளையில்’ என்று தொடங்கினாள். விதியைச் சுட்டினாள், வருந்தினாள், வாழ்த்தினாள். முடித்து வாசித்துப் பார்த்தாள். இப்படி ஒரு கடிதம் வந்தால் யாரும் லீவு கேட்கவே மாட்டார்கள்.

(இந்த இடத்தில் அவளை அழவைக்கப் பார்த்தேன். சிரித்துவிட்டாள். இரண்டு பக்கம் வீண்.)

5

பியூன் ஐயப்பன் தபால் பையை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

“என்ன பிள்ளே, சிரிக்க?”

“எனக்கு லீவு இல்லைன்னு நானே எழுதியிருக்கேன், அண்ணே. நல்லா வந்திருக்கு.”

“லீவு எதுக்கு இல்லையாம்?”

“இன்ஸ்பெக்டர் கேட்டதை எடுத்துக் குடுக்க வேற ஆளு இல்ல.”

“அப்ப இத்தனை வருசமா நீ ராஜா பேரைச் சொல்லச் சொல்ல எடுத்துத் தந்தது எந்தச் சவமாம்?”

பூங்கனி பேனாவைக் கீழே வைத்தாள். “தற்காலிக வாத்தியாருங்க உத்தரவு?”

“அஞ்சாம் எட்வர்டு. ரெண்டு மாசம் இருந்த பயலுக்கு அதுவே கூடுதல்.”

“பெஞ்சுக் கணக்கு?”

“ஸ்டீபன். ஓயாம சண்டை நடந்த காலம். ஒடைஞ்ச பெஞ்சு வேற எங்க இருக்கும்?”

இருபத்துநான்கையும் கேட்டாள். ஒன்றும் பிசகவில்லை. கடைசியில் அவர்தான் அவளைத் திருத்தினார்: “ஆறாம் எட்வர்டை விட்டுட்டு மேரிக்குப் போற. நாளைக்கு இப்படி எழுதினா மார்க்கு போயிரும், கேட்டியா.”

அவள் இன்னொரு தாளை எடுத்தாள். ‘மேற்படி விடுப்பு அனுமதிக்கப்படுகிறது.’

6

முடிவுகள்.

(அ) அனுமதிக் கடிதத்தை மட்டும் நீட்டுகிறாள். அவர் வாசிக்காமல் கையொப்பம் போடுகிறார். மிக எளிது. எழுதியும் பார்த்தேன். ஆனால் ஏழு வருடம் யாரும் வாசிக்காத கடிதங்களில் ஒரு பொய்கூட எழுதாதவள், அந்தத் தாளை மேஜைவரை கொண்டுபோகவே மறுத்துவிட்டாள்.

(ஆ) மறுப்பை மட்டும் நீட்டுகிறாள். இதை எழுத எனக்கு மனமில்லை.

(இ) நடந்தது, அல்லது நடந்ததாக நான் நம்புவது: இரண்டையும் வைத்தாள்.

“எது வேணுமோ அதுல கையெழுத்துப் போடுங்க, சார்.”

இஸ்ரவேல் இரண்டு தாள்களைப் பார்த்தார். எதில் போடுவது என்று தெரிய வேண்டுமானால் வாசித்தாக வேண்டும். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினார். மணி மூன்று அடித்தது. மறுப்பை இரண்டு முறை வாசித்தார்.

“இதை நானா எழுதுனேன்?”

“ஆமா, சார்.”

“நல்ல மனுசனா இருக்கேனே.” பிறகு அனுமதியை எடுத்தார். “இதுல காரணமே இல்லையே.”

“ஐயப்பண்ணன் எல்லாத்தையும் எடுத்துத் தருவாரு, சார். ஒண்ணு விடாமச் சொன்னாரு.”

“சரி, நம்புகேன். ஆனா இன்ஸ்பெக்டர் ஃபைல்ல இதோட காப்பியைப் பாப்பாரு. சர்வீஸ் புக்கு எலிசபெத்துல இருக்கு, ஐயப்பனுக்கு எலிசபெத்தை நல்லாத் தெரியும்னு எழுத முடியுமா?”

“முடியாது, சார்.”

“மறுப்புல காரணம் கல்லு மாதிரி நிக்குது. இதுலயும் அப்படி ஒண்ணு எழுதிக் கொண்டா. போட்டுத் தாறேன். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு.”

பூங்கனி மேஜைக்குத் திரும்பி எழுதினாள்: ‘மேற்படி விடுப்பு அனுமதிக்கப்படுகிறது. ஏனெனில்’

மூன்றேகால். அந்த வாக்கியத்தை அவளுக்காக ஒன்பது விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்பதும் கெஞ்சின. இனி நீங்கள். பொய் கூடாது, ஐயப்பனுக்குப் பெருமை குறையக் கூடாது, இன்ஸ்பெக்டர் புருவம் உயர்த்தக் கூடாது. சீக்கிரம் எழுதுங்கள். ஆனால் நன்றாக எழுதுங்கள். இஸ்ரவேல் இப்போது வாசிக்கத் தொடங்கிவிட்டார்.